செமோர் சாலையும் ஒழுகும் ரேடியேட்டரும்

ஈப்போவைத் தாண்டி வடக்கே போகும் கார்களில் பெரும்பாலானவை செமோரைப் பார்ப்பதே இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜெலாப்பாங் ஏற்றத்தைப் பிடித்து, மலையைக் குடைந்து போட்ட மெனோரா சுரங்கப்பாதைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் கோலகங்சாரில் இறங்கிவிடுகின்றன. பழைய சாலை அப்படியில்லை. மலையோடு மல்லுக்கு நிற்காமல் தாசேக், கிளேபாங், செமோர், கந்தான், சுங்கை சிப்புட் என்று ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு சுற்றிப் போகும். முதலாம் எண் கூட்டரசுச் சாலை என்பது அதன் அரசாங்கப் பெயர். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'பெரிய ரோடு'.

செமோர் ஈப்போவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு பக்கம் கிளேடாங் மலைத்தொடர், மறுபக்கம் தூரத்தில் நீலமாகத் தித்திவாங்சா. இடையில், சமவெளியில் யாரோ தூக்கிவந்து வைத்ததுபோலச் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். கந்தான் குன்றைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். அதன் குகையில் வாழும் ஒரு சிலந்தி வகைக்கு அந்தக் குன்றின் பெயரையே அறிவியலில் வைத்திருக்கிறார்கள். குன்றுக்குப் போய்வரும் லோரிகளால் பெரிய ரோட்டின் தோல் எப்போதும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். இந்த ஒட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தமிழர்களுக்குச் செமோர் என்றால் தோட்டம். சுற்றிலும் ரப்பர், நடுவே லயம், கோயில், பள்ளி, மருந்துக் கொட்டகை, கிராணி வீடு, கடன் கொடுக்கும் சாமான் கடை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. இன்று ஊருக்குள் போனால், பெயரில் மட்டும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழ்ப்பள்ளியைப் பார்க்கலாம். பெயர்ப் பலகையில் தோட்டம், வேலிக்கு வெளியே இரண்டு மாடி இணைப்பு வீடுகள்.

தோட்டத்தை நான் பெருமையாகப் பேசப் போவதில்லை. அங்கே வாங்கிய சம்பளத்தையும் பட்ட பாட்டையும் எங்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஒன்று உண்மை. தோட்டத்தில் எல்லாமே நடை தூரத்தில் இருந்தது. தாமானில் எல்லாமே கார் தூரத்தில் இருக்கிறது. பெரிய ரோட்டில் பஸ் ஓடாமல் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து அந்தப் பஸ்ஸைப் பிடிக்கவே ஒருவர் காரில் கொண்டுபோய் விடவேண்டும். மின்சார ரயிலோ ஈப்போவை விட்டால் அடுத்து சுங்கை சிப்புட்டில்தான் நிற்கும். செமோரில் ஒரு குடும்பத்தின் கார் நின்றால் அந்தக் குடும்பமே நின்றுவிடுகிறது. எங்கள் குடும்பம் மூன்று முறை நின்றது.

திங்கள், புதன், வெள்ளி

அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்துப் பால் லோரி ஓட்டியவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு உட்கார வைப்பார்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் தங்கும், பொட்டாசியம் ஏறும், இதயத்துக்கு ஆபத்து. அதனால் அவர் குடிக்கும் தண்ணீரைக்கூட அம்மா கோப்பையால் அளந்துதான் கொடுப்பார்.

நான் கோலாலம்பூரில் வானொலி வேலையில் இருக்கிறேன். காலையில் ஊரை எழுப்பும் வேலை என்பதால் வார நாள்களில் செமோருக்கு ஓடிவர முடியாது. தம்பிதான் அப்பாவை அழைத்துப் போகிறான். அதற்காகவே என் பெயரில் ஒரு புதிய கார் எடுத்துச் செமோர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். 9 வருடக் கடன். பழைய கார் வேண்டாம், வழியில் நின்றுவிடும் என்பதுதான் கணக்கு.

கார் வந்து 11-ஆவது மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. கிளேபாங் அருகே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. போனட்டுக்குள்ளிருந்து ஆவி, கீழே தார் ரோட்டில் வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு வாடை. ரேடியேட்டர் ஒழுகியிருந்தது. பக்கத்துத் தாமான் அண்ணன் ஒருவர் தன் வேனில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரத் தாமதம். சர்வீஸ் சென்டரில் வாரண்டியில் புதிய ரேடியேட்டர் மாற்றித் தந்தார்கள். 'ஆயிரத்தில் ஒன்று இப்படி அமையும்' என்றார்கள். நம்பும்படியாகத்தான் இருந்தது.

20-ஆவது மாதம் மறுபடியும். மறுபடியும் புதிய ரேடியேட்டர். இந்த முறை கார் நான்கு நாள் சர்வீஸ் சென்டரில் தங்கியது. ஒரு புதன்கிழமை வண்டியே கிடைக்காமல் டயாலிசிஸ் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு இரவில் அப்பாவின் கால்கள் வீங்கியதை அம்மா இன்னும் சொல்வார்.

29-ஆவது மாதம் மூன்றாவது முறை. அப்போது சர்வீஸ் சென்டரில் பேச்சு மாறியது. "கல் அடிச்சிருக்கு. வெளி சேதம். வாரண்டியில வராது." காசு கட்டித்தான் மூன்றாவது ரேடியேட்டர் ஏறியது. கார் என் பெயரில் இருந்தும், அவர்கள் தம்பியின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் விளக்கினார்கள் என்பது தனிக் கதை.

அப்பா மட்டும் அசரவில்லை. "அதையும் என்கூட கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் ஒரே மிஷின்ல போட்டுடலாம்" என்றார்.

இரண்டு தாள்களில் ஒரே சொல்

எல்லாத் தாளையும் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பது தோட்டத்து வீடுகளின் பழக்கம். பிறப்புப் பத்திரம், கோயில் ரசீது, மின்சார பில் எல்லாம் அதில் இருக்கும். காரின் சர்வீஸ் தாள்களையும் அம்மா அதில்தான் போட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் தாளில் 'ரேடியேட்டர் கசிவு, மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மலாயில் ஒரே குறிப்பு: கீழ்ப்புறம், இடது மூலை.

மூன்று ரேடியேட்டர்கள் கெட்டுப்போகலாம். ஆனால் இரண்டு வெவ்வேறு ரேடியேட்டர்கள் ஒரே மூலையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் கெட்டுப்போவதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கல் வந்து அடிக்கிறது என்றால் அந்தக் கல்லுக்கு இடம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெரிய ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. அதன் பொமென் அண்ணன் தோட்டத்து டிராக்டர்களில் தொழில் பழகியவர். அப்பாவுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வண்டியைத் தொடுவதற்கு முன் தாள்களைத்தான் கேட்டார். படித்துவிட்டுச் சொன்னார்:

"ரேடியேட்டரு கெட்டுப்போகல தங்கச்சி. ரேடியேட்டரை ஏதோ ஒண்ணு கெடுக்குது. அது என்னான்னு பாக்காம நாலாவது போட்டாலும் இதான் நடக்கும்."

இந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

பட்டறையில் ஒரு பாடம்

முதலில் ரேடியேட்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினில் சூடேறிய கூலண்ட் மெல்லிய குழாய்கள் வழியாக ஓடிக் காற்றில் ஆறித் திரும்புகிறது. அது திறந்த பானை அல்ல, பிரஷர் குக்கர். மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைக் கட்டிக் காக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்கும். அதனால்தான் சின்ன ஓட்டைகூடப் பெரிய விஷயமாகிறது. அழுத்தம் போனால் கொதிநிலை இறங்கும், ஆவி கிளம்பும்.

அப்பா ஓட்டிய பெட்ஃபோர்டு லோரியில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் தோட்டத்துப் பட்டறையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். இப்போதைய கார்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத் தொட்டிகள் நைலான் பிளாஸ்டிக். இரண்டையும் ரப்பர் கேஸ்கட் வைத்து விளிம்பை மடித்து இறுக்கியிருப்பார்கள். எடை குறைவு, விலை குறைவு, வேலையும் நன்றாகவே செய்யும். ஆனால் முறுக்கினால் பிளாஸ்டிக் தாங்காது. விரிந்தால் ஒட்டவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அண்ணன் நான்கு சோதனைகள் செய்தார். ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

முதலில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தார். புதிய ரேடியேட்டர் என்பதால் அப்போதைக்குக் கசிவு இல்லை. அடுத்து மூடி. அதன் ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தால் அழுத்தத்தை உரிய நேரத்தில் வெளியே விடாது; பலவீனமான மூலையைப் பிளந்துவிடும். மூடி சரி. மூன்றாவது, எஞ்சினின் ஹெட் கேஸ்கட். அது கிழிந்திருந்தால் எரிந்த புகை கூலண்டுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். நீல நிறத் திரவம் கொண்ட ஒரு குழாயைக் கூலண்ட் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. புது ரேடியேட்டர்களை அடுத்தடுத்துக் காவு வாங்கும் குற்றவாளி பல நேரம் இதுதானாம். எங்கள் காரில் இல்லை.

நான்காவதாக வண்டியைத் தூக்கிவைத்து, டார்ச் அடித்து, கீழ் இடது மூலையைப் பார்த்தார். ரேடியேட்டரின் அடியில் இரண்டு முளைகள் இருக்கும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் உள்ள இரண்டு துளைகளில் அவை உட்காரும். முளைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ். வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் இல்லை.

அவ்வளவுதான் விஷயம். இடது முளை வெறும் இரும்பில் உட்கார்ந்திருந்தது. பெரிய ரோட்டின் ஒவ்வொரு ஒட்டிலும் வண்டி குதிக்கும்போது வலது பக்கம் ரப்பரில் தணிந்தது. இடது பக்கம் இரும்பில் இடித்தது. ரேடியேட்டர் லேசாக முறுக்கிக்கொண்டது. இப்படி வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில். பிளாஸ்டிக் தொட்டியின் அந்த மூலையில் முடி மெல்லிசாக ஒரு விரிசல் விழும். அதற்கப்புறம் அழுத்தம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் புஷ் கார் வந்த நாளிலிருந்தே இல்லையா, முதல் முறை மாற்றும்போது விட்டுப்போனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ரேடியேட்டரை மாற்றியவர்கள் ஒருவரும் அது உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

புஷ்ஷின் விலை ஒரு தே தாரிக், ஒரு ரொட்டிச் சானாய் கணக்குக்குள் அடங்கிவிட்டது. அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த அப்பா சொன்னார், "ஒரு மரத்துப் பாலுல இதுமாரி எத்தனையோ செஞ்சிருக்கலாம்." வாழ்நாள் முழுக்கப் பால் ஏற்றியவர் கணக்கு.

கோலகங்சார் வரை

அடுத்த சனிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள், வண்டியைச் சோதித்துப் பார்க்க நீண்ட ஓட்டம் ஒன்று தேவைப்பட்டது. அப்பா தானும் வருகிறேன் என்றார். நெடுஞ்சாலை வேண்டாம், பெரிய ரோட்டிலேயே போவோம் என்றும் சொன்னார்.

செமோரை விட்டால் குன்றுகள் சாலையை நெருங்கி வருகின்றன. மழை பெய்து ஓய்ந்த காலையில் பாறை மடிப்புகளில் வெள்ளையாக நீர் வடிவது தெரியும். "அந்த மலையடித் தண்ணிய லோரியில ஊத்தக்கூடாதுன்னு கிராணி திட்டுவாரு" என்றார் அப்பா. கிராணி சொன்னது சரிதான். சுண்ணாம்புக் குன்றிலிருந்து வரும் நீர் கடினமானது. சூடேறும்போது குழாய்க்குள் கெண்டியின் அடியில் படிவதுபோல வெள்ளைப் படிவு விட்டுப்போகும்.

சுங்கை சிப்புட் வந்தபோது சாலையோரம் கொஞ்சம் நிறுத்திப் போனட்டைத் திறந்து பார்த்தோம். காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. இது துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியும் இங்கேதான். அப்பா அந்தப் பள்ளியைக் காட்டி, "எங்க தோட்டத்துல ஆறாவதோட சரி. அதுக்கு மேல படிக்கணும்னா தோட்டத்த விட்டு வெளிய போகணும். வெளிய போக வண்டி ஏது?" என்றார். தூரம் எங்கள் குடும்பத்தின் பழைய பிரச்சினை என்று அப்போது தோன்றியது.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877-இல் இங்கே நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியது. நாட்டிலேயே மிகப் பழைய ரப்பர் மரம் என்று போற்றப்படுவது. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டவை அவை. கன்றுகள் நட்ட காலத்தில் ரப்பருக்குப் பெரிய சந்தை இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் கார் வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. தேன்கூடு போன்ற ரேடியேட்டரை 1901-இல் மெர்சிடிஸ் காரில் மேபாக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பொருத்தினார். அதன் பிறகு கார்கள் வேகமாகவும் தூரமாகவும் ஓட முடிந்தது. கார்கள் பெருகப் பெருக இங்கே காடுகள் தோட்டமாயின. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் முன்னோர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவகையில், நாம் இங்கே இருப்பதற்கே கார் ஒரு காரணம்.

இன்றைய காரில் கொதிக்கும் கூலண்ட் ஓடும் குழாய்களுக்குச் செயற்கை ரப்பர்தான். இயற்கை ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆனால் அதிர்வை உறிஞ்ச வேண்டிய இடங்களில், எஞ்சினைத் தாங்கும் திண்டுகளில், இன்றும் இயற்கை ரப்பருக்குத் தனி மதிப்பு.

அப்பா வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வயசுக்கு நல்லாத்தான் நிக்குது" என்றார். திரும்பும்போது தூங்கிவிட்டார். சிவப்பு விளக்கு எரியவில்லை.

எழுத்தில் கேளுங்கள்

வண்டி சரியானது ஒரு பாதி. மூன்றாவது ரேடியேட்டருக்குக் கொடுத்த காசு மறுபாதி. அதை விட எனக்கு மனம் வரவில்லை. காசு பெரிதல்ல, 'கல் அடித்தது' என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துபோவதுதான் உறுத்தியது.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இங்கே துணை நிற்கிறது. வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன்படி விற்பவர் தரும் உத்தரவாதம். வாரண்டி அட்டையில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும். குறையைச் சரிசெய்யக் கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறிடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கலாம். பெரிய குறை என்றால் பொருளையே திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பொதுவாக அங்கே அவர்களுக்கு இடமும் இல்லை. கோரிக்கைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போகவேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

சிங்கப்பூரில் 2012 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. நம் நாட்டிலும் அப்படித் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் நெடுநாளாக ஒலிக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது தாள்கள். நான் செய்தது இதுதான். கழற்றிய மூன்றாவது முறைப் பாகத்தைத் தம்பி திரும்பக் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அதன் முன்பக்கத் தகடுகளில் கல் பட்ட நசுங்கல் ஒன்றுகூட இல்லை. விரிசல் கீழ் இடது மூலையில், முளையை ஒட்டி. அதைப் படம் எடுத்தோம். புஷ் இல்லாத துளையை வண்டியோடு படம் எடுத்தோம். பட்டறை அண்ணன் தன் ரசீதிலேயே கண்டதை எழுதிக் கையெழுத்திட்டார். இவற்றோடு மூன்று சர்வீஸ் தாள்களையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து நடுவர் மன்றத்தில் பதிந்தேன். விசாரணைத் தேதிக்கு முன்பே அழைப்பு வந்தது. மூன்றாவது ரேடியேட்டரின் காசைத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பாகத்துக்கு இன்னும் 2 ஆண்டுப் பொறுப்பையும் எழுத்தில் கொடுத்தார்கள்.

ஒருவருடைய தாள் ஒரு குடும்பத்துக்கு உதவும். பலருடைய தாள்கள் சேர்ந்தால் நிறுவனமே அசையும். சில ஆண்டுகளுக்கு முன் புரோட்டான் நிறுவனம் தன் டர்போ எஞ்சின் கார்களில் எண்ணெய்க் குழாய் ஒன்றை உரிமையாளர்களுக்கு இலவசமாக மாற்றித் தர முன்வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரே இடத்துக் கசிவைப் பலரும் சொல்லிக்கொண்டே இருந்த பிறகு நடந்தது அது. அதனால் சின்னக் கசிவுதானே என்று வாய்ப்பேச்சில் முடித்துவிடாதீர்கள். எந்த இடத்தில் கசிந்தது, எத்தனை கிலோமீட்டரில் கசிந்தது, ஏன் என்று நினைக்கிறார்கள், இந்த மூன்றையும் சர்வீஸ் தாளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதும்போதுதான் எதிரே இருப்பவரும் யோசிக்கிறார்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நம்மில் பலர் இப்படித்தான் ஊருக்குப் போகிறோம். பெற்றோர் வாசலில் நாம் வாங்கி நிறுத்திய ஒரு கார் இருக்கும். துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போனட்டைத் திறந்து, கூலண்ட் சேமிப்புப் புட்டியில் அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ போகிறது என்று பொருள். மூடிய முறையில் ஓடும் திரவம் அது. அடிக்கடி நிரப்ப வேண்டிய அவசியமே வரக்கூடாது. காரணம் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் விழலுக்கு இறைத்த நீர்தான். அதுவும் வெறும் தண்ணீராக ஊற்றினால் கூலண்ட் நீர்த்துப்போய் உள்ளே அரிப்புத் தொடங்கும். வண்டி நின்ற இடத்தில் ஈரம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாமல் இருந்தால் அது ஏர்கோன் தண்ணீர், கவலை வேண்டாம். வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலண்ட். ரேடியேட்டர் ஓரத்திலோ குழாய் இணைப்பிலோ வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் பூத்ததுபோல் இருந்தால், அங்கே ஏற்கெனவே கசிந்து காய்ந்திருக்கிறது.

புதிய சிறிய கார்கள் பலவற்றில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை, விளக்கு மட்டும்தான். கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டால் அளக்கும் கருவி திரவத்தைத் தொடாமல் காற்றில் நிற்கும். விளக்கு தாமதமாக எரியலாம், எரியாமலும் போகலாம். அதனால் ஏர்கோன் திடீரென்று சூடான காற்றை ஊதினாலோ, இனிப்பு வாடை வந்தாலோ, விளக்குக்காகக் காத்திருக்காமல் ஓரம் கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. அந்தக் காலத்தில் சாக்கைப் போர்த்தித் திறந்த அப்பாவின் இடது கையில் இன்றும் தழும்பு இருக்கிறது.

அதே இடத்தில் இரண்டாவது முறை ஒழுகினால், பாகத்தைக் கேட்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். செமோர் மாதிரி ஊர்களில் கார் ஆடம்பரம் அல்ல. தோட்டம் போனபோது மருந்துக் கொட்டகையும் கூடவே போனது. அந்த இடத்தை இன்று நிரப்பிக்கொண்டிருப்பது ஒரு எஞ்சினும் நான்கு டயரும்தான். எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் இப்போது சர்வீஸ் தாள்களுக்குத் தனி உறை இருக்கிறது. தம்பி அதன் மேல் மூன்று சொல் எழுதி வைத்திருக்கிறான்: திங்கள், புதன், வெள்ளி.